கையில் தின்று பழகிய மீன்கள்

மஸ்கட்
20.09.2025

ஞானம் அக்காவுக்குப் பரணிதரன் எழுதுவது.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். சகலைக்கு அடித்தால் அவரும் எடுப்பதில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் எல்லார் முன்னாலும், "தங்கச்சி சாம்பல் ஆறல, அதுக்குள்ள பிளேனுக்கு டிக்கெட் போட்டாச்சா? உங்க குரலே இனி என் காதுல விழக்கூடாது" என்றீர்கள். குரல்தானே விழக்கூடாது என்று எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் மூஸா லீவில் அதிராம்பட்டினம் வருகிறான். குந்தவைக்கு இறால் கொண்டுவந்து கொடுக்கிற சஃபியா அவனுடைய அக்காதான். இது அவர் கையால் உங்களுக்கு வரும். பதில் எழுத மனம் வந்தால் அவரிடமே கொடுங்கள். அங்கிருந்து இங்கே வருகிற ஆட்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

குந்தவை போய் இன்றோடு இருபத்தேழு நாள். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள உங்கள் ஊரை விட்டு, ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியிருக்கிறீர்கள் என்று சஃபியா சொல்லித் தெரிந்தது. நடவு நேரத்தில் சகலையைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த நன்றியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் திரும்பிப் போகாவிட்டால் விசா போயிருக்கும். அது உங்களுக்குச் சமாதானம் ஆகாது, தெரியும்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, மீன். பின்னறைத் தொட்டியில் குந்தவை வளர்த்த டிஸ்கஸ் பதினொன்றும் உயிரோடு இருக்கின்றனவா? வட்டத் தட்டு மாதிரி இருக்குமே, அவைதான். ஒவ்வொன்றுக்கும் பாப்பா பெயர் வைத்திருக்கிறாள். கடையில் யாரிடமாவது கொடுத்துவிடாதீர்கள். பிரிட்ஜில் பிளாஸ்டிக் டப்பாவில் சிவப்பாகக் கட்டி கட்டியாக இருப்பது அவற்றின் தீனி. காலையும் சாயந்திரமும் ஒரு கட்டி போதும்.

இன்னொன்று, பாப்பா நறுமுகை. அவளை யாரும் திட்ட வேண்டாம் அக்கா. குந்தவை தண்ணீரில் கையை விடுமுன் சுவிட்சை அணைப்பது பாப்பாவின் வேலை என்று வைத்திருந்தாள். ஹீட்டர், விளக்கு, மோட்டார் எல்லாம் ஒரே சுவிட்ச். அன்றைக்கு ஹீட்டரின் கண்ணாடி தண்ணீருக்குள்ளேயே உடைந்திருக்கிறது, பாப்பா சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறாள். எட்டு வயசில் மறதி வருவது உலகத்தில் இல்லாததா? நான் அங்கே இருந்தபோது அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு பாப்பா, அப்பா அடிக்க மாட்டேன்" என்றேன். "அமுக்கினேம்ப்பா" என்றுதான் சொன்னாள். பயத்தில் சொல்கிறாள். மன்னித்து விட்டுவிடுவோம்.

ஒரு தடவை அவளைப் போனில் பேச வையுங்கள். குரலைக் கேட்டால் போதும்.

பரணிதரன்


ஒரத்தநாடு
06.10.2025

பரணிதரனுக்கு,

ஞானாம்பாள் எழுதுகிறேன். மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

குரலைக் கேட்டால் போதும் என்கிறீர்கள். குரல் இருந்தால்தானே கேட்பதற்கு? பதினாறாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை. பசிக்கிறதா என்றால் தலையாட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "பேர் கூப்பிட்டா 'உள்ளேன்'னுகூட சொல்ல மாட்டேங்கிறா, கைய மட்டும் தூக்குறா" என்றார். தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒன்றும் இல்லையாம், அதிர்ச்சியாம், தானாக வருமாம். எப்போது வரும் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை.

அந்தத் தொட்டியை அன்றைக்கே உலக்கையால் உடைத்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் நேராக அதன் முன்னால்தான் போய் உட்காருகிறாள். அவளுக்காக விட்டுவைத்திருக்கிறேன். வேறு எந்தப் பாசமும் எனக்கு அதன் மேல் இல்லை.

உங்கள் சிவப்புக் கட்டியை என்னவோ கெட்டுப்போனது என்று நினைத்து முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டேன். கோயில் குளத்து மீனுக்குப் போடுகிற மாதிரி பொரி போட்டேன், தோசையைப் பிய்த்துப் போட்டேன். தின்னவில்லை. மூன்று செத்துவிட்டன. மீதி எட்டும் கறுத்துப்போய் மூலையில் தலையைக் கவிழ்த்து நிற்கின்றன. பாப்பா என் முகத்தையும் மீனையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

ஹீட்டர் போடு என்று எழுதிவிடாதீர்கள். இனி இந்த வீட்டில் தண்ணீருக்குள் கரண்ட் போகாது. அந்த அறையின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் மடியில்தான் செருகி வைத்திருக்கிறேன், தூங்கும்போதும். குமிழி விடுகிற மோட்டாரை மட்டும் கூடத்து பிளக்கிலிருந்து ஓட்டுகிறோம். அது தண்ணீருக்கு வெளியே இருப்பதால் விட்டேன்.

ஸ்டேஷனில் ஃபைலை முடித்துவிட்டார்கள். "சிறுமி சுவிட்சை அணைக்க மறந்ததால் ஏற்பட்ட விபத்து" என்று எழுதியிருந்தது. வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள், கையெழுத்துப் போட்டேன். உங்கள் ஒயரிங்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்து போகிற மனுஷன் பிள்ளையை மன்னிக்கிறாராம். நல்ல நியாயம்.

ஞானாம்பாள்


மஸ்கட்
20.10.2025

ஞானம் அக்காவுக்கு,

இன்று தீபாவளி. நமக்கு இல்லை. கேம்ப்பில் பையன்கள் இனிப்புக் கொடுக்க வந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டேன்.

பாப்பா பேசாமல் இருக்கிறாள் என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு கரண்ட் பேனலில் தப்பான இடத்தில் கையை வைக்கப் போனேன், மேஸ்திரி பிடித்து இழுத்தார். இங்கேயிருந்து என்னால் செய்ய முடிந்தது அந்த மீன்களைச் சாகவிடாமல் இருக்க வழி சொல்வது ஒன்றுதான். அவை ஒவ்வொன்றாகச் செத்தால் பாப்பா அதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வாள். கோபத்தை வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் செய்யுங்கள்.

தீனி. பொரி, தோசை, சோறு எதுவும் கூடாது, மாவுப் பண்டம் அதன் குடலில் செரிக்காது. டிஸ்கஸ் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டு இருதயம் அரைத்துக் கொடுப்பார்கள். குந்தவை வீட்டுக்குள் அதைக் கொண்டுவர மாட்டேன் என்றாள். இறாலை ஓடு, குடல் நீக்கி, அதில் பாதி அளவு முள் இல்லாத மீன் சதை, ஒரு பிடி வேகவைத்த முருங்கைக்கீரை, இரண்டு பல் பூண்டு சேர்த்து அரைப்பாள். தண்ணீரில் கரையாமல் இருக்கக் கடல்பாசி காய்ச்சி ஊற்றுவாள். நோன்புக்குக் கடல்பாசி செய்கிற சஃபியாதான் அந்த வழி சொன்னது. ஆறியதும் துண்டு போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால் ஒரு மாசம் இருக்கும். கடையில் விற்கிற சாக்கடைப் புழு வேண்டாம், நோய் வரும். வாய்க்காலில் கொசுப்புழு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதுவும் வேண்டாம், இப்போது வயலில் மருந்து அடிக்கிற நேரம்.

சூடு. தண்ணீர் இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே போனால் கறுத்து, தின்னாமல் நின்றே சாகும். ஹீட்டர் வேண்டாம் என்றால் வேண்டாம். காலையும் மாலையும் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வெந்நீரை விளாவிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குழந்தைக்குக் குளிக்க ஊற்றுகிற சூடு சரியாக இருக்கும். மேலே போர்வை போட்டு மூடுங்கள்.

கூட இருக்கிற மீன்கள். அந்தச் சூட்டை எல்லா மீனும் தாங்காது. சிவப்பும் நீலமுமாக ஊசி மாதிரி ஒரு கூட்டம் இருக்கும், அவை இருக்கட்டும். அடியில் மீசையோடு மேய்கிற சின்னதுகளும் இருக்கட்டும், சிந்தியதைத் தின்றுவிடும். யாராவது ஏஞ்சல் மீன் கொண்டுவந்து விட்டால் வாங்காதீர்கள், அதன் குடல்பூச்சி டிஸ்கஸுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய கறுப்பு சக்கர் மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அதை உடனே எடுத்துவிடுங்கள். தூங்குகிற டிஸ்கஸின் பக்கத்தில் ஒட்டி மேல்தோலை உறிஞ்சும். முரட்டு மீன், உடம்பெல்லாம் செதில் கவசம். கொஞ்ச நாளாகவே எனக்கு ஒரு சந்தேகம், ஹீட்டரின் கண்ணாடியை அதுதான் வாலால் அடித்து உடைத்திருக்கும். வேறு எதுவும் அந்தத் தொட்டியில் உடைக்கிற பலம் உள்ளதில்லை. குந்தவைக்கு இது தெரியும். தெரிந்தும் அதை ஏன் வைத்திருந்தாள் என்றுதான் புரியவில்லை.

கடைசியாக ஒன்று. எழுதத் தயக்கமாக இருக்கிறது. அவை கையில் தின்று பழகியவை. கரண்டியில் போட்டால் வராது. கையைத்தான் தேடும்.

பரணிதரன்


ஒரத்தநாடு
09.11.2025

பரணிதரனுக்கு,

சஃபியா இறாலும் கடல்பாசியும் கொண்டுவந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து உரித்து அரைத்தோம். அவர் அழுதுகொண்டே உரித்தார், நான் திட்டிக்கொண்டே உரித்தேன். யாரைத் திட்டினேன் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் சொன்னது சரி. கரண்டியில் போட்டால் கிட்டவே வரவில்லை. நீளக் கரண்டியில் கம்பு கட்டியும் பார்த்தேன். இரண்டு நாள் பட்டினி கிடந்தன. மூன்றாம் நாள், செத்தால் செத்தேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு கையை விடப் போனேன். அந்த அறையில் கரண்டே இல்லை, கட்டை என் மடியில். விரல் தண்ணீரில் படுமுன் பாப்பா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? மடியிலிருந்து பியூஸ் கட்டையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையை விட்டேன். ஒவ்வொன்றாக வந்து விரல் நுனியில் கடித்துத் தின்றன. பாப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தீனி முடிகிற வரைக்கும் கட்டையை விடவில்லை. இப்போது தினமும் இரண்டு வேளையும் இப்படித்தான் நடக்கிறது.

சக்கர் மீனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை ஏன் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். நான் கொடுத்தது அது. தாராசுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனபோது கும்பகோணத்தில் ஒரு மீன் கடையில், கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்துவிடும் என்று கடைக்காரன் சொன்னான். தங்கச்சி தினமும் தேய்த்துச் சாகிறாளே என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பார்த்ததும், "இது டிஸ்கஸோட சேராதுக்கா" என்றாள். "நான் கொண்டாந்தா ஒனக்கு எதுதான் சேரும்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் கோபித்துக்கொண்டேன் என்பதற்காக அதை வைத்துக்கொண்டாள். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அதை வாளியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், எங்கே போட்டேன் என்று எழுதமாட்டேன். என் பாவத்தோடு அதுவும் ஒன்று.

இவ்வளவு எழுதிய பிறகு இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பாப்பா ஏன் வாயை மூடினாள் என்று நான் போன கடிதத்தில் சொல்லவில்லை. பதினாறாம் நாள் நீங்கள் கார் பேசப் போயிருந்தீர்கள். "நான் அமுக்கினேன் பெரியம்மா" என்று என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு என்ன ஆனதோ, "பொய் சொல்லாத. ஒரு சுவிட்ச அமுக்க மறந்து ஆத்தாளையே கொன்னுட்டியேடி" என்றேன். பந்தலில் பத்துப் பேர் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தினமும் அவளுக்குத் தலை பின்னுகிற இந்தக் கை அன்றைக்கு அவளை அடிக்கவும் அடித்தது.

ஆனால் நீங்கள் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். குந்தவை போன அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவரும் கீரையும் மாங்காயும் கொண்டுவந்திருந்தோம். நான் அடுப்படியில் இருந்தேன். தொப்பென்று சத்தம். ஓடிவந்து பார்த்தால் குந்தவை ஈரத் தரையில் முட்டி மடிந்து தொட்டியில் சாய்ந்து கிடக்கிறாள், ஒரு கை இன்னும் தொட்டிக்குள். பாப்பா சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். பாய்ந்து முதலில் சுவிட்சைத்தான் அமுக்கினேன். அமுக்கியதும் தொட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் என் தங்கை முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் ஓடிப்போய் மீட்டரில் கட்டையைப் பிடுங்கினார். இதுதான் நீங்கள் போட்ட ஒயரிங்கின் லட்சணம். அணைக்கப் போனால் எரிகிறது. வெளிநாட்டில் எலக்ட்ரீஷியன் என்று பேர்.

மழை பிடித்துக்கொண்டது. ஏழு மீன் இருக்கிறது. தோலில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது.

ஞானாம்பாள்


ஒரத்தநாடு
14.12.2025

பரணிதரனுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. சஃபியாவைக் கேட்டால், நீங்கள் நன்றாக இருப்பதாகவும் வேலைக்குப் போவதாகவும் மூஸா சொன்னான் என்கிறார். அப்படியென்றால் கை மட்டும்தான் சுகமில்லையா?

திட்டினதற்குக் கோபமா? நான் திட்டாத ஆள் இந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்? இல்லை, சக்கர் மீனைக் கொடுத்தது நான் என்று தெரிந்ததும் மனம் விட்டுப்போனதா? அப்படியென்றால் அதையாவது எழுதுங்கள். வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அது வரவேண்டியதுதான்.

புயல் மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. குமிழி மோட்டார் நின்றுபோய், நானும் பாப்பாவும் மாறி மாறிச் சொம்பால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அப்படியும் இரண்டு போய்விட்டன. அவற்றை ரோஜாச் செடியடியில் பாப்பாதான் புதைத்தாள். ஐந்து இருக்கிறது. மார்கழி பிறக்கப் போகிறது, வெந்நீர் ஊற்றி ஊற்றி எனக்குக் கை வெந்துவிட்டது.

அரைப் பரீட்சையில் தமிழ் வாசிப்புக்கு அவளுக்குச் சுழி போட்டிருக்கிறார்கள். வாய் திறக்காததற்கு.

பதில் எழுதுங்கள். அவள் அப்பா நீங்கள்.

ஞானாம்பாள்


மஸ்கட்
28.12.2025

ஞானம் அக்காவுக்கு,

உங்கள் நவம்பர் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதுதான் ஆறாவது. இதைக் கிழிக்காமல் இருப்பதற்காக எழுதி முடித்த உடனே மூஸாவிடம் கொடுத்துவிடப் போகிறேன்.

நீங்கள் சுவிட்சை அமுக்கியதும் விளக்கு எரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள் அக்கா. அமுக்கியதும் எரிந்தது என்றால், அதற்கு முன்னால் அது அணைந்திருந்தது. பாப்பா மறக்கவில்லை. அவள் அணைத்திருந்தாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

அணைத்த பிறகும் குந்தவைக்கு ஏன் அடித்தது என்று கேட்பீர்கள். வீட்டுக்கு இரண்டு ஒயர் வருகிறது. ஒன்றில் கரண்ட் வரும், இன்னொன்றில் திரும்பிப் போகும். சுவிட்ச் என்பது வருகிற ஒயரை வெட்ட வேண்டும். திரும்பிப் போகிற ஒயரில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும், பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் ஹீட்டர் வரைக்கும் கரண்ட் வந்து நிற்கும். கண்ணாடி உடைந்தால் தண்ணீர் முழுக்க நிற்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற மனுஷருக்குத்தான் ஆகும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மே மாசம் நான் மஸ்கட்டுக்குக் கிளம்பும் அன்று அந்த அறைக்கு ஒயர் இழுத்தேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரத்தநாடு முழுக்க அன்றைக்கு ஷட்டவுன். சிவப்பு ஒயர் தீர்ந்துபோனது. கடைக்குப் போய் வர நேரமில்லை என்று இரண்டுக்கும் கறுப்பையே இழுத்தேன். எது எது என்று மனசில் வைத்துக்கொண்டு மாட்டினேன், மாறியிருக்கிறது. கரண்ட் இல்லாததால் டெஸ்டர் வைத்துப் பார்க்க முடியவில்லை. கரண்ட் வருவதற்குள் கார் வந்துவிட்டது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து போன் போட்டு, "எரியுதா?" என்று கேட்டேன். "பளிச்சுனு எரியுதுங்க" என்றாள். சந்தோஷமாக இருந்தது எனக்கு. இங்கே ஒரு பல்பு மாட்டினாலும் மூன்று பேர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் விடுவோம். என் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை புழங்குகிற அறையில், எரியுதா என்று கேட்டதோடு பிளேன் ஏறிவிட்டேன்.

உங்களுக்கு ஒரு பயம் வரும், 'நான் அமுக்கியதால் ஏதாவது ஆகியிருக்குமோ' என்று. இல்லை. நீங்கள் அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் ஒன்றுதான். சக்கர் மீன் உடைத்தது என்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஹீட்டர் உடைவது எல்லாத் தொட்டியிலும் நடப்பது. அதற்காகத்தான் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது.

ஏன் ஐந்து வாரம் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியாது, பிள்ளை நாளடைவில் மறந்துவிடும், பேசத் தொடங்கிவிடும் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு நிம்மதியாக ஒரு நாள் தூங்கினேன்கூட. நான் கோழை அக்கா. வாய் இழந்த பிள்ளையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அவளை மன்னிக்கிறேன் என்று உங்களுக்கு எழுதியவனும் நான்தான்.

சகலையை விட்டு அந்தக் கட்டையை மாட்டச் சொல்லுங்கள். தொட்டியில் ஒன்றும் இருக்கக்கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டு பிளக் ஓட்டையில் டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். எரியும். பாப்பா பார்க்கட்டும். பிறகு இந்தக் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒரு வரி விடாமல்.

ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லுங்கள். அந்தத் தாளில் அவள் பெயர் இருக்கக் கூடாது. என் பெயரைப் போடட்டும். கேஸ் என்றால் கேஸ். டிக்கெட் போட லீவு கேட்டிருக்கிறேன். நீங்கள் வரச் சொன்னால்தான் வருவேன்.

பரணிதரன்


ஒரத்தநாடு
18.01.2026

கடிதம் பத்து நாள் முன்பே வந்தது. படித்து முடித்தபோது நீங்கள் என் முன்னால் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. இரண்டு நாள் அவரிடம்கூடக் காட்டவில்லை. இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. உங்களுக்காக இல்லை. பந்தலில் நான் சொன்ன சொல்லை, பொய் என்று தெரிந்துகொண்டு எப்படி அவள் முகத்தைப் பார்ப்பேன் என்றுதான்.

பொங்கல் நமக்கு இல்லாததால் அவருக்கு அன்றைக்கு வேலை இல்லை. டெஸ்டர் வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். மீனையெல்லாம் டிரம்மில் மாற்றிவிட்டுத் தொட்டியை வற்ற இறைத்தோம். அவர் கட்டையை மாட்டினார். பாப்பாவைக் கூப்பிட்டு, "நீயே அணைம்மா" என்றேன். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் போய் அமுக்கினாள். அணைந்தது. அவர் பிளக் ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். அந்தச் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் எடுத்து எடுத்து மறுபடி வைத்தார், ஒவ்வொரு தடவையும் எரிந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு உங்கள் கடிதத்தை வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை, கோழை என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. வாசித்து முடித்துவிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். எட்டு வயசுப் பிள்ளை காலைப் பெரியவள் பிடிக்கக் கூடாது என்பார்கள். பிடித்தேன். "நீ அமுக்கினதுதான் நெசம் பாப்பா. பெரியம்மாதான் பொய் சொன்னேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

நான்கு மாசத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். குரல் கட்டிப்போய் யாருடைய குரலோ மாதிரி இருந்தது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா கேட்டுச்சு பெரியம்மா, அமுக்கிட்டியான்னு. அமுக்கிட்டேம்மான்னு சொன்னேன். நான் சொன்னதுனாலதான் கைய விட்டுச்சு."

இத்தனை நாளும் அந்தப் பிள்ளை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தது இதைத்தான். நாம் நம்பவில்லை என்பது அவளுக்கு இரண்டாவது துக்கம்தான். அவள் ஆத்தாள் அவளை நம்பினாள், அதுதான் முதல் துக்கம். அதற்காகத்தான் வாயையே வேண்டாம் என்று மூடியிருக்கிறாள். "நீ உண்மையத்தானே சொன்ன" என்றேன். "ஆமா" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு இந்த மூன்று நாளாகத் திரும்பவும் பேச்சு இல்லை.

நேற்று ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஃபைலை மறுபடி எடுப்பார்களாம், நீங்கள் ஊருக்கு வந்ததும் நேரில் வரச் சொன்னார்கள். பாப்பா பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டேன், எழுதியதை அழிக்க முடியாது, கீழே சேர்த்து எழுதத்தான் முடியும் என்றார்கள்.

மூன்று மீன் இருக்கிறது. இப்போது பாப்பா கையிலும் வந்து தின்கின்றன. கையை விடுமுன் ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் மடியிலிருந்து கட்டையை எடுத்துக் காட்டினால்தான் விடுகிறாள். "சொன்னால் போதாதா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டரிடமும் இருக்காது. நீங்கள் போட்ட ஒயர், நீங்கள்தான் அவள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். வாருங்கள் மாப்பிள்ளை.

ஞானாம்பாள்